வெந்துபோன வெள்ளை

வேடந்தாங்கலில் வெயில் ஏறியதும் கேமராவை மூடிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆளாளுக்கு எடுத்ததைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிப் பையன் ஒருவன் காட்டியது, கிளையில் இறங்கும் வெள்ளைக் கொக்கு. "சூப்பர் தம்பி" என்று சொல்லி ஒவ்வொருவரும் கேமராவை அடுத்தவர் கைக்கு நகர்த்தினார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"கண்ணு நல்லா ஷார்ப்பா விழுந்திருக்கு தம்பி. இறக்கையைப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. ஒரு இறகுகூடத் தனியா தெரியல."

பின்னால் கரும்பச்சை மரம். கேமரா அந்த இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கின் வெள்ளை வெந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, மைனஸ் 0.7-க்கு இறக்கிவிட்டு எடுக்கச் சொன்னார். நிழலில் மறைந்ததை அப்புறம் ஓரளவு மீட்கலாம், முழுசாக வெந்த வெள்ளையை மீட்க முடியாது.

பையன் அங்கேயே மாற்றி, கடைக்காரர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் படம் எடுத்துப் பார்த்தான். மடிப்பு, நூல், டீக்கறை எல்லாம் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் முதலில் கண்ணைத்தான் பாராட்டினார். ஆனால் ஒருவர் விடிகாலையில் எழுந்து வந்து எடுத்த படத்துக்கு நாம் அரை நிமிஷமாவது தர வேண்டாமா? எது நன்றாக இருக்கிறது, எது கெட்டது, ஏன் என்று சொல்லும் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்து பழவேற்காட்டுக்குப் பூநாரை எடுக்கப் போகிறோம். அவரையும் கட்டாயம் கூப்பிடணும்.