யார் யாருக்காகக் காத்திருப்பது?

உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், தொழிற்சாலையில் செயற்கை நுண்ணறிவு என்று யாராவது பேச்செடுத்தால் என் கவனம் ரோபோவின் கைக்குப் போவதில்லை; அந்தக் கைக்கு அடுத்த இடத்தில் நிற்கும் மனிதர் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கே போகிறது. அவர் ரோபோவுக்காகக் காத்திருக்கிறாரா, ரோபோ அவருக்காகக் காத்திருக்கிறதா? மனிதர்களையும் எந்திரங்களையும் சேர்த்து வேலை வாங்கும் எந்த மென்பொருளையும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே எடைபோட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி வெகுகாலம் எழவே இல்லை. 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் நிறுவப்பட்ட யூனிமேட் என்ற ரோபோ, வார்ப்பு எந்திரத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அதன் வழியில் வந்த தொழிற்சாலை ரோபோக்கள் பெரும்பாலும் வேலிக்குள் நின்றன. வேலியின் கதவைத் திறந்தால் எந்திரம் நின்றுவிடும், மூடினால் ஓடும். மனிதருக்கும் ரோபோவுக்கும் இடையிலான ஒருங்கிணைப்பு முழுவதும் அந்தக் கதவின் பூட்டிலேயே முடிந்துவிட்டது. பிறகு 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெஷ்கினும் எட்வர்ட் கோல்கேட்டும் மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ என்ற பொருளில் 'கோபாட்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவர்களுடைய கருவிக்குத் தானாக நகரும் சக்தி கிடையாது. தள்ளுபவர் மனிதர், பாதை விலகாமல் திசையைப் பிடித்துக்கொடுப்பது மட்டுமே எந்திரத்தின் வேலை. இன்று அதே பெயரில் விற்கப்படும் ரோபோ கைகள் மோட்டாரால் தாமே இயங்குபவை. பெயர் நிலைத்தது, தள்ளுபவர் மாறிவிட்டார்.

வேலி போனபின் வரிசைப்படுத்தும் பழைய சிக்கல் முன்னுக்கு வந்தது. எந்த வேலை எந்த எந்திரத்துக்கு எப்போது போக வேண்டும் என்பது கேட்பதற்குச் சின்னக் கேள்வி. பத்து வேலைகள், பத்து எந்திரங்கள், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வழி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் எந்திரத்திலும் பத்து வேலைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கான மொத்தத் தெரிவுகள் 66 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாக வருகின்றன. 1963இல் ஃபிஷர், தாம்ப்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட அப்படிப்பட்ட ஒரு 10×10 கணக்குக்கு, கண்டுபிடித்த தீர்வைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்கவே முடியாது என்ற நிரூபணம் 1989இல்தான் கிடைத்தது. அந்தக் கணக்கில் எந்திரம் பழுதாவதில்லை, சரக்கு தாமதமாவதில்லை, யாரும் விடுப்பு எடுப்பதில்லை. நிஜத் தொழிற்சாலையில் காலை எட்டு மணிக்குப் போட்ட திட்டம் ஒன்பது மணிக்குச் செல்லாக்காசு.

ஆகவே நொடிக்கு நொடி திட்டத்தைத் திருத்திக்கொண்டே போகும் மென்பொருளின் அருமை எனக்குத் தெரியும். ஓர் எந்திரம் நின்றுபோனால் அதற்கு வரவேண்டிய தானியங்கி வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டு, பாதிப்பைச் சில நிமிடங்களில் அடக்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதே வேலையைத் தொலைபேசியில் கத்திக் கத்திச் செய்தவர்களில் நானும் ஒருவன். ரோபோக்களை ரோபோக்களோடு இணைப்பதில் இந்த நுட்பம் நன்றாகவே தேறியிருக்கிறது. அமேசான் தன் கிடங்குகளில் ரோபோக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டதாக 2025இல் அறிவித்தபோது, அவற்றின் போக்குவரத்தை வழிநடத்தும் புதிய செயற்கை நுண்ணறிவு பயண நேரத்தை 10 சதவீதம் மேம்படுத்தும் என்றும் கூறியது. வண்டி வண்டிக்கு வழிவிடுவதில் மனத்தாங்கல் இல்லை. சிக்கல் தொடங்குவது, வரிசையில் ஒரு மனிதர் வந்து நிற்கும்போது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ரோபோ கை இருபது நொடிக்கு ஒருமுறை ஒரு பாகத்தை முடித்துக் கொடுக்கும். அடுத்த இடத்தில் இருந்த பெண்மணி அதில் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து அனுப்புவார். அவருக்குச் சில பாகங்களுக்குப் பதினைந்து நொடி போதும். வளையம் முரண்டு பிடித்தால் இருபத்தேழு நொடிகூட ஆகும். சராசரி இருபதுக்குள் அடங்கிவிடும். இருவருக்கும் நடுவில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஐந்தாறு பாகங்கள் எப்போதும் கிடக்கும். வேலை சுலபமாக ஓடும்போது அவர் தட்டைக் காலி செய்துகொண்டு வருவார். சிரமப்படும்போது தட்டு நிறையும். புதிய மென்பொருள் அந்தத் தட்டைத் தேங்கி நிற்கும் சரக்கு என்று அடையாளம் கண்டது. அதை எடுத்துவிட ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு.

தட்டு போனதும் சராசரி என்ற சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. அவர் பதினைந்து நொடியில் முடித்தால் மிச்சமாகும் ஐந்து நொடியை எங்கும் சேமித்து வைக்க முடியாது, அடுத்த பாகத்துக்காகச் சும்மா நிற்க வேண்டியதுதான். இருபத்தேழு நொடி ஆனாலோ அந்த ஏழு நொடித் தாமதம் வரிசை முழுவதும் பரவும். மிச்சம் கரைகிறது, கடன் மட்டும் ஏறுகிறது. தாமதத்துக்குத் தானே காரணம் என்று எதிரிலிருந்த திரை ஒவ்வொரு முறையும் காட்டியதால், அவர் அந்தத் தடவிப் பார்க்கும் சுற்றைக் கைவிட்டார். அதை யாரும் அவருக்கு வேலையாகக் கொடுத்திருக்கவில்லை என்பதால், அது நின்றதும் யாருக்கும் தெரியவில்லை. சரியாக உட்காராத வளையங்கள் கடைசிச் சோதனையில் பிடிபடத் தொடங்கிய பிறகே விசாரித்தோம். "மூக்கு அரிச்சாக்கூட அந்தக் கைகிட்ட அனுமதி வாங்கணும் போல இருக்கு சார்" என்றார். மறுநாளே தட்டைத் திரும்ப வைத்தோம்.

பாதுகாப்பு விதிகளும் இப்படி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து இடிக்கின்றன. வேலியில்லாத ரோபோவை மனிதர் நெருங்கும்போது அவர் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டு இடைவெளியைக் கணக்கிடச் சர்வதேசத் தரநிலைகள் சொல்கின்றன. உணரி பார்த்து, கட்டளை போய், கை நிற்பதற்கு அரை நொடி ஆகிறது என்றால் அதற்குள் மனிதர் 0.8 மீட்டர் வந்துவிடுவார். ரோபோ நகரும் தூரம், அளவீட்டுப் பிழை ஆகியவற்றுக்கும் இடம் விட வேண்டும். இந்த விதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனிதர் அருகில் வரும்போதெல்லாம் ரோபோ வேகத்தைக் குறைப்பதை மென்பொருள் இழப்பாகவே எண்ணுகிறது. இழப்பைத் தவிர்க்க அது கண்டுபிடிக்கும் மலிவான உபாயம், மனிதரைச் சுற்றுவழியில் அனுப்புவது. எட்டு அடியில் எடுக்க வேண்டிய பெட்டிக்கு ஒருவர் நாள் முழுவதும் முப்பது அடி நடப்பார், ரோபோவின் வேகம் குறையாது, திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அவருடைய கால்வலிக்குக் கணக்கில் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை. கணக்கில் வராத செலவு மென்பொருளுக்கு இலவசம். மனிதரின் நடையையும் காத்திருப்பையும் செலவாகச் சேர்ப்பது கடினமான நிரலாக்கம் ஒன்றும் அல்ல. யாராவது கேட்டால்தான் சேர்ப்பார்கள், அவ்வளவுதான்.

தொழிலாளியைப் பற்றி இதே மென்பொருள் சேர்த்துவைக்கும் தகவல்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஒருவருடைய நடத்தையையோ தனிப்பட்ட இயல்புகளையோ வைத்து வேலையைப் பங்கிடும் அமைப்புகளை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, பணியிடத்தில் ஒருவரின் உணர்ச்சிகளைக் கணிக்கும் அமைப்புகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடையும் இருக்கிறது. 'முகம் சோர்ந்திருக்கிறது, வேகத்தைக் குறைக்கவும்' என்று ஓர் அமைப்பு அக்கறையாகச் சொல்லுமானால், அதே அக்கறை மாதக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவத்திலும் எட்டிப்பார்க்கும் என்று அஞ்சுபவன் நான். எனவே இந்தத் தடை எனக்குச் சம்மதமே.

நிறுத்தும் உரிமையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பின்னாளில் டொயோட்டா ஆலைகளில் வரிசையை நிறுத்தத் தொழிலாளர்கள் இழுக்கக்கூடிய கயிற்றுக்கு வித்திட்டது அந்த எண்ணமே. கயிறு இழுக்கப்பட்டால் குழுத்தலைவர் வந்து என்னவென்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மனிதர் வாயால் பதில் சொல்வார்.

நாங்கள் கயிற்றுக்குப் பதில் தொடுதிரை வைத்தோம். வரிசையை நிறுத்தியவர் ஒன்பது காரணங்களில் ஒன்றைத் தொட்டால்தான் மறுபடி ஓட்ட முடியும். பட்டியலில் முதலாவது 'சரக்கு வரவில்லை'. மென்பொருள் அந்தப் பதிவுகளைப் படித்து, சரக்குத் தட்டுப்பாடே பெரிய நோய் என்று முடிவுகட்டி, வண்டிகளை முன்கூட்டியே அனுப்பத் தொடங்கியது. நடைபாதையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அவற்றுக்குப் பின்னால் மனிதர்களும் காத்து நின்றார்கள். அலசிப் பார்த்ததில், கையுறையைக் கழற்ற நேரமில்லாதவர்கள் மேலே இருந்த பொத்தானைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தது தெரிந்தது. பட்டியலின் வரிசையை மாற்றி அமைத்தோம். அடுத்த வாரமே அந்த ஆலையின் முதன்மைப் பிரச்சினையும் மாறிவிட்டது.