மேண்டலின் ஸ்ரீனிவாஸ்: வேகத்தைத் தாண்டிக் கேட்க வேண்டியது

2014 செப்டம்பர் 19 அன்று கர்நாடக சங்கீதத்தை மேண்டலினில் வாசித்த யு. ஸ்ரீனிவாஸ் காலமானபோது அவருக்கு வயது 45. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்கள். 1978-இல் ஆந்திராவின் குடிவாடாவில் ஒன்பது வயதுப் பிள்ளையாக மேடையேறியவர் என்பதால், அவர் என்னவோ ரொம்ப மூத்த வித்வான் என்றே பலர் மனத்தில் பதிந்துபோயிருந்தது.

அவர் பேச்சை எடுத்தாலே எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். மேண்டலினில் வேகம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. தந்திக்கு அடியில் குறுக்கே ஓடும் மெட்டுகள் (ஃப்ரெட்) நெருக்கம், மீட்டும் சிறு தகடான ப்ளெக்ட்ரத்தை மேலும் கீழும் மாற்றி மாற்றி அடித்தால் துரிதம் தானாக வரும். அந்த வாத்தியத்தில் கஷ்டம் கமகம்தான், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைப்பது.

சாதாரண மேண்டலினில் எட்டுத் தந்தி, நான்கு ஜோடி. கமகத்துக்காக ஒரு ஜோடியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, ஸ்ருதி பிசிறடிக்கும். ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார். மீட்டிய நாதம் சட்டென்று அடங்கிவிடும் என்பது அடுத்த தொல்லை. கார்வை, அதாவது நீளும் நாதம், நிற்காவிட்டால் கமகத்துக்கு இடமேது? அதற்குத்தான் எலெக்ட்ரிக் மேண்டலின்.

இவ்வளவு செய்தும் கையில்தான் பாக்கி வேலை. தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரம்) எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டில் விரலை வைத்து மீட்டினால் ஸ்வரஸ்தானம் சரியாக இருக்கும், தோடி இருக்காது. கீழுள்ள ரிஷபத்துக்கும் மேலுள்ள மத்யமத்துக்கும் நடுவே அது ஆட வேண்டும். விரலைச் சறுக்கினால் மெட்டுகள் படிப்படியாகக் காதில் விழும். தந்தியை இழுக்கலாம், ஆனால் வீணையைவிடத் தந்தி மிகக் குட்டை; மயிரிழை கூடுதலாக இழுத்தாலும் மத்யமத்தைத் தாண்டிவிடும். எனவே சறுக்கலையும் இழுப்பையும் கலந்து, போய்ச்சேரும் இடத்தைக் காதால் பிடித்து நிறுத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். விரல் மெட்டை நம்புகிறது, காது சும்மா இருந்துவிடுகிறது.

ஸ்ரீனிவாஸுக்கு அது வந்ததற்கு குரு ருத்ரராஜு சுப்பராஜுவின் பாடமுறை முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யரான சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் கொண்டுவர வேண்டும். விரலைப் பார்த்துக் காப்பியடிக்க வழியே இல்லை.

1981 டிசம்பர் சீசனில் சென்னை, 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா, 1998-இல் பத்மஸ்ரீ, பிறகு கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு ரிமெம்பர் சக்தி இசைக்குழு. இதெல்லாம் பலரும் அறிந்தது.

மனசு ஆறாதது வேறு. கர்நாடக சங்கீதத்தில் ஐம்பதுக்கு மேல்தான் பலருக்கு விளம்ப காலம் (மெதுவான நடை) கனியும். அதிலும் வாத்தியக்காரருக்குக் குரல் தளரும் கவலை இல்லை. அந்த வருஷங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. நமக்கும்தான்.

அடுத்த முறை அவருடைய ஆலாபனைப் பதிவு ஒன்றைப் போடும்போது முதலில் ஸ்வரங்களை விட்டுவிட்டு, ப்ளெக்ட்ரம் தந்தியில் படும் ‘டிக்’கை மட்டும் எண்ணுங்கள். பிறகு மெதுவான பிடி (ராகத் துணுக்கு) ஒன்றில் ஒரே மீட்டுக்குப் பின்னால் எத்தனை ஸ்வரங்கள் வந்து போகின்றன என்று பாருங்கள்.