வால்பாறை, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி: 900 ரூபா கம்ப்ரஸர் காப்பாத்துன ட்ரிப்

நேத்து ராத்திரிதான் கோயமுத்தூர் வந்து சேந்தோம், துணி கூட இன்னும் தொவைக்கப் போடல, ஆனா இதை சூட்டோட சூடா எழுதிடணும்னு உக்காந்துட்டேன். டியூப்லெஸ் டயர்ல ஒரே ஒரு பஞ்சருக்கு 500 ரூபா கேட்ட ஆளு மேல இருக்குற கோவம் இன்னும் அடங்கல. ரூட், தங்குற இடம், செலவு எல்லாம் வரிசையா எழுதுறேன்னு ஃபிரண்ட்ஸுங்ககிட்ட சொல்லியிருந்தேன், எழுதுறேன், ஆனா முதல்ல காத்து அடிக்கிற மெஷின் கதை. அது இல்லேன்னா இந்த ட்ரிப் பாதி காட்டுலயே நின்னுருக்கும்.

எங்ககிட்ட இருக்குறது பழைய வேகன் ஆர். ஆன்லைன்ல ஆஃபர்ல 900 ரூபாய்க்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கி வச்சிருந்தேன். டப்பா மேல 150 பிஎஸ்ஐன்னு (காத்தோட அழுத்தத்தை அளக்குற கணக்கு) பெருசா போட்டிருந்தான். மெஷின் என்னவோ ஓடும், ஆனா சிகரெட் லைட்டர்ல சொருகுற அந்த பிளக் கையே வைக்க முடியாத அளவுக்கு சுடும், வயரு கொழகொழன்னு ஆயிடும், டயர்ல ஏறுறதும் ரொம்ப மெதுவா ஏறும். மோட்டார் மட்டமான மோட்டார்னு நானும் மச்சானும் முடிவே பண்ணிட்டோம். கணபதியில எங்க தெரு முக்குல மோட்டார் காயில் கட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார், பம்ப்செட்டு, கிரைண்டர் எல்லாம் பாக்குறவர், அவர்கிட்ட கொண்டு போனேன். கரண்டு அளக்குற கிளாம்ப் மீட்டர் போட்டு பாத்துட்டு, "தம்பி, மோட்டார் நல்லாத்தானுங்க இருக்கு, அதுக்கு கரண்டு எங்கீங்க போய் சேருது?"ன்னார்.

விஷயம் இதுதான். மெஷின் 11 ஆம்ப் இழுக்குது. காரை ஸ்டார்ட்ல வச்சா பேட்டரியில 13.8 வோல்ட் இருக்கு, மோட்டார்கிட்ட அளந்தா 11.9 தான் வருது. மீதி எல்லாம் நூல் மாதிரி இருக்குற வயர்லயும் அந்த பிளக்லயும் சூடா போகுது. 0.75 ஸ்கொயர் எம்எம் வயரு, மூணு மீட்டர் போயி மூணு மீட்டர் திரும்பி வரணும், அதுலயே ஒன்றரை வோல்ட் அவுட். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் பொதுவா 120 வாட்டுக்குத்தான், அதாவது 10 ஆம்ப். அதுல 11 ஆம்ப் இழுத்தா சுடாம என்ன செய்யும்?

அண்ணன் பிளக்கை வெட்டி எறிஞ்சுட்டார். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரு நாலு மீட்டர், முனையில பேட்டரிக்கு மாட்டுற முதலை கிளிப் ரெண்டு, பிளஸ் கிளிப்புக்கு பக்கத்துலயே ஃப்யூஸ் ஹோல்டர்ல 20 ஆம்ப் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரி பக்கம்தான் இருக்கணும், மெஷின் பக்கம் வச்சா நடுவுல எங்கயாச்சும் வயரு உரசி ஷார்ட் ஆனா அது காப்பாத்தாது, இதை யாரு செஞ்சாலும் மறந்துடாதீங்க. சுவிட்சும் லேசா உருகியிருந்துச்சு, 16 ஆம்ப் சுவிட்ச் ஒண்ணு மாத்தினார். பிளாஸ்டிக் கூட்டை கழட்டி சிலிண்டர் ஹெட் இருக்குற பக்கம் வரிசையா ஓட்டை போட்டோம், ஏன்னா உள்ள சூடு ஆறுறதுக்கு அலுமினிய ஃபின் எல்லாம் அழகா போட்டிருக்கான், ஆனா அதை மூடி வச்சு காத்தே போகாம பண்ணியிருக்கான், என்ன டிசைனோ.

அடுத்தது ஹோஸ். மெஷினோட வந்தது அரை மீட்டர் கூட இல்ல, முனையில திருகுற பித்தளை நாசில். அதை திருகி கழட்டுற நேரத்துல புஸ்ஸுன்னு ஒரு பிஎஸ்ஐ, ரெண்டு பிஎஸ்ஐ வெளிய போயிடும். கஷ்டப்பட்டு ஏத்துனது போகும்போது வயிறு எரியும். காட்டூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில 300 பிஎஸ்ஐன்னு அச்சடிச்ச நூல் கட்டுன ஹோஸ் ரெண்டு மீட்டர், பங்க்ல இருக்குற மாதிரி அமுக்கி மாட்டுற கிளிப் நாசில், ஹோஸ் கிளாம்ப் எல்லாம் வாங்குனேன். மெஷின்ல இருந்து வெளிய வர்ற முதல் ஜான் ஹோஸ் நல்லா சுடும், அதனால அந்த இடத்துல மட்டும் பழைய ரப்பர் ஹோஸையே விட்டு, பித்தளை ஜாயின்ட் போட்டு புதுசை இணைச்சோம். அழுத்தம் பாக்குற கேஜ் தனியா ஒண்ணு 250 ரூபா. மெஷின்ல இருக்குற கேஜை நம்பவே நம்பாதீங்க, ஓடும்போது அது ஹோஸ்ல இருக்குற அழுத்தத்தை காட்டும், டயர்ல இருக்குறதை இல்ல. எங்களது மூணு நாலு பிஎஸ்ஐ கூட காட்டிட்டு இருந்துச்சு.

மொத்தம் 780 ரூபா ஆச்சு, அண்ணன் கூலி 100 தான் வாங்குனார், டீ வேற அவரே வாங்கிக் குடுத்தார். மெஷின் விலைக்கு மெஷின் விலை செலவான்னு வீட்டுல கேட்டாங்க, நியாயமான கேள்விதான். இப்ப மோட்டார்ல 13.2 வோல்ட் வருது. 20ல இருந்து 32 பிஎஸ்ஐ ஏத்த நாலரை நிமிஷம் ஆனது மூணே முக்காலுக்கு வந்துச்சு. நேரம் குறைஞ்சது கம்மிதான், ஆனா இப்ப எதுவும் உருகாது, ஃப்யூஸ் போகாது, மலைக்கு நம்பி எடுத்துட்டு போகலாம், எனக்கு அது போதும்.

சரி ட்ரிப்புக்கு வர்றேன். வால்பாறைக்கு இப்ப இ-பாஸ் வேணும், ஆன்லைன்ல போட்டு வச்சுக்குங்க. பொள்ளாச்சி வரைக்கும் சொல்ல ஒண்ணுமில்ல. ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி, ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயின்ட், கீழ ஆழியார் டேம் தண்ணி மொத்தமும் தெரியும், அங்க வரையாடு ரோட்டோரமா நின்னுச்சு, பாப்பா கத்துன கத்துல நான் பிரேக் போட்டேன். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக்கு ரோட்டுக்கு குறுக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க, அதுல ஒண்ணு குட்டியை வயித்துல கட்டிட்டு போச்சு, அதைப் பாக்கவே போகலாம். ரூம் 1800 சொன்னாங்க, 1400க்கு முடிச்சோம், சுடுதண்ணி காலையில மட்டும்தான்.

காலையில சோலையார் டேம் பாத்துட்டு கேரளா எல்லையில மலக்கப்பாறை செக்போஸ்ட். பிளாஸ்டிக் பாட்டில் எத்தனைன்னு எண்ணி எழுதி, நேரம் போட்டு சீட்டு குடுத்தாங்க. அங்க இருந்து வாழச்சால் வரைக்கும் காடுதான், கடை கிடையாது, ஃபோன் சிக்னல் கிடையாது, சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்க, நடுவுல இறங்கவும் கூடாது. ரோடு பல இடத்துல பேந்து கிடக்கு. பாதி தூரம் போயிருப்போம், வண்டி லெஃப்ட்ல இழுக்க ஆரம்பிச்சுச்சு. மச்சான் தலையை வெளிய நீட்டிப் பாத்துட்டு, "மாமா, பின் டயர் உக்காந்துருச்சு"ன்னான். கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரின்னு சொல்லுவாங்களே, நாங்க நெசமாவே காட்டுல நிக்கிறோம், முன்னாடி ரோட்டுல யானை லத்தி, ஆவி கூட அடங்கல.

ஸ்டெப்னி மாத்தலாம்னா ஏத்தமான இடம், ஓரத்துல ஜாக்கி நிக்க நல்ல தரை இல்ல, டிக்கில இருக்குற சாமானை எல்லாம் இறக்கணும். டயர் பட்டையில தகர ஷீட்டு அடிக்குற ஸ்குரூ ஒண்ணு தலை வரைக்கும் ஏறியிருந்துச்சு. எச்சில் தொட்டு வச்சா சின்னச்சின்னதா முட்டை விடுது. மச்சான் கட்டிங் பிளேயரோட வந்தான், பிடுங்காதடான்னு கத்துனேன், ஸ்குரூ உள்ள இருக்குற வரைக்கும் அதுவே அடைப்பு, பிடுங்குனா ஒரே மூச்சுல போயிடும். கேஜ் வச்சா 14. பானெட்டை திறந்து கிளிப் மாட்டி, இன்ஜின் ஓட விட்டு சுவிட்ச் போட்டேன். வயரும் ஹோஸும் சேந்து பின் டயருக்கு தாராளமா எட்டுச்சு, பழைய வயரா இருந்தா சாக்கெட்டும் பிளக்கும் அந்த இடத்துலயே போயிருக்கும். அந்த நேரம் பாத்து வனத்துறை ஜீப் ஒண்ணு வந்துச்சு, ஏன் இறங்குனீங்கன்னு முதல்ல திட்டுனாங்க, டயரைப் பாத்ததும் ஜீப்பை எங்களுக்கு பின்னாடி நிறுத்தி காத்து ஏறி முடியுற வரைக்கும் காவலுக்கு நின்னாங்க, அவங்க நல்லா இருக்கணும். 36 ஏத்திட்டு கிளம்புனோம். வாழச்சால் செக்போஸ்ட்ல நிறுத்தி பாத்தா 27, திரும்ப ஏத்துனோம்.

அதிரப்பள்ளி தாண்டுனதும் ரோட்டோரத்துல ஒரு பஞ்சர் கடை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டை ஒரு தடவை பாத்தார், ஸ்குரூவை ஒரு தடவை பாத்தார், 500ன்னார். கோயமுத்தூர்ல 100, 150க்கு மேல யாரும் வாங்குறதில்ல. சேட்டா, ஓட்டையை அடைக்கிற ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் தானேன்னு கேட்டா, டயரே போச்சு, இதோட போனா வெடிக்கும், வேற டயர் இருக்கு 2200க்கு தர்றேன்ங்கறார். சின்னப் புள்ளை வண்டியில இருக்கும்போது வெடிக்கும்னு சொல்லி பயமுறுத்தி காசு பறிக்கிறது என்ன பொழப்பு? வேற வழியே இல்லாம நிக்கிறவனா இருந்தா குடுத்துட்டு அழுதிருக்கணும். நான் அவர் கண்ணு முன்னாடியே கிளிப்பை மாட்டி 36க்கு ஏத்திட்டு சாலக்குடி வந்துட்டேன். அங்க ஒரு கடையில பையன் ஸ்குரூவை பிடுங்கி, ஓட்டையை அரத்தால ராவி, ஸ்ட்ரிப்பை பசை தடவி குத்தி, சோப்புத்தண்ணி ஊத்தி காட்டி, 120 ரூபா வாங்குனான். டயருக்கு ஒண்ணுமே ஆகல, பட்டையிலதான் ஏறியிருக்கு, பக்கவாட்டுல ஏறியிருந்தாதான் மாத்தணும்னு அவனே சொன்னான்.

அந்த சந்தோஷத்துல பக்கத்துலயே ஒரு சின்ன ஓட்டல்ல கப்பாவும் (மரவள்ளிக்கிழங்குதான்) மீன்கறியும் சாப்பிட்டோம். கப்பாவை தேங்காய், பச்சமொளகா, மஞ்சள் போட்டு மசிச்சு ஆவி பறக்க வச்சாங்க, மத்தி மீன் கறி குடம்புளி போட்டு மண்சட்டியில, மேல எண்ணெய் சிவப்பா தனியா நிக்குது, ஒரு வாய் கப்பாவை அதுல முக்கி வச்சதும் உள்நாக்கு வரைக்கும் அந்த புளிப்பு இறங்குச்சு. மீன் சாப்பிடாத என் வீட்டம்மா ரெண்டாவது தடவை கறி வாங்குனா. நாலு பேருக்கு 520 ரூபா. அந்த பஞ்சர்காரர் கேட்ட காசுக்கு குடும்பமே வயிறு நிறைஞ்சுச்சு.

செலவு: பெட்ரோல் 2300, ரூம் 1400, சாப்பாடு எல்லாம் சேத்து 1900 சொச்சம், அப்புறம் அந்த 120. திரும்பி வர்ற வழி திருச்சூர், பாலக்காடு, சொல்ல ஒண்ணுமில்ல.

இதைப் பாத்துட்டு மச்சான் அவன் ஓட்டுற லோடு வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரச் சொல்லி நிக்கிறான். வேண்டாம்னு சொல்லிட்டேன். லோடு வண்டி டயருக்கு 60 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தணும், டயரும் பெருசு, இந்த மெஷின் பத்து நிமிஷம் ஓடுனா பத்து நிமிஷம் ஓய்வு குடுக்கணும், அவ்வளவு நேரம் நிறுத்தாம ஓட்டுனா பிஸ்டன்ல இருக்குற வாஷர் கருகிடும், எவ்வளவு தடியான வயரு போட்டாலும் அதை மாத்த முடியாது. ரெட்டை சிலிண்டர் மெஷின் ஒண்ணு 2500க்கு வருது, அதை வாங்கு, வயரை மட்டும் அண்ணன்கிட்ட மாத்திக்கலாம்னு சொல்லியிருக்கேன்.