சித்திர மாஸ்ரரின் மழை

ஏழாம் வகுப்பில் எங்களுக்குச் சித்திரம் கடைசிப் பாடம். மாரிகாலத்தில் ஒருநாள் மாஸ்ரர் எங்களை விறாந்தையில் இருத்தி மழையைக் கீறச் சொன்னார். எல்லோரும் கொப்பி நிறையச் சாய்கோடு இழுத்து வைத்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “தண்ணியைக் கீறாதேங்கோ பிள்ளையள், தண்ணி பட்ட இடத்தைக் கீறுங்கோ” என்றார். அப்புறம் மணி அடிக்கும்வரை முற்றத்தைப் பார்க்க வைத்தார். தேங்கி நின்ற வெள்ளத்தில் துளி விழுந்து வட்டம் விரிவதையும், வாழையிலை ஒரு கணம் தாழ்ந்து நிமிர்வதையும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

ரொறன்ரோவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்த விறாந்தையை எனக்குத் திருப்பித் தந்தது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். மகளுக்கு அப்போது ஆறு வயது. நூலகத்தில் இரவல் எடுத்த ‘என் அயலவன் டொட்டோரோ’வை இருவருமாகப் பார்த்தோம். ஹயாவோ மியசாகி இயக்கி 1988இல் வெளிவந்த படம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்துக்குக் குடிவரும் இரண்டு சகோதரிகள். பக்கத்துத் தோப்பில் பெரிய கற்பூர மரத்தடியில் உறங்கும் டொட்டோரோ என்ற ஒரு காட்டு உயிர். கதை அவ்வளவுதான். கெட்டவர் என்று ஒருவரும் இல்லை.

பஸ் தரிப்பிடத்தில் மழைக்குள் அப்பாவுக்காகக் காத்து நிற்கிறாள் மூத்தவள் சற்சுகி. முதுகில் தங்கை மேய் நித்திரை. பக்கத்தில் டொட்டோரோ வந்து நிற்கிறது, தலையில் ஒரேயொரு இலை. அவள் அப்பாவின் கறுப்புக் குடையை நீட்டுகிறாள். மரத்திலிருந்து சொட்டும் துளிகள் குடையில் பட்டுத் தட்தட்டென்று சத்தம் கேட்க, டொட்டோரோவின் கண் விரிகிறது. ஓங்கிக் குதிக்கிறது, மரத்து நீரெல்லாம் சடசடவென்று கொட்டுகிறது. மகள் கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். எனக்கு மாஸ்ரரின் குரல் கேட்டது.

எல்லாம் கையால் கீறியவை. உருவங்களைத் தாளில் கீறி, கண்ணாடி போன்ற மெல்லிய தாள்களில் படியெடுத்து நிறம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். ஒரு செக்கனுக்கு 24 படச்சட்டங்கள். அந்த வயலையும் மரங்களையும் கலை இயக்குநர் கசுவோ ஓகா போஸ்ரர் கலரில் தீட்டினார் என்று பிறகு அறிந்தபோது, என் பழைய தகரப் பெட்டிக்குள் காய்ந்து கிடந்த போஸ்ரர் கலர் போத்தல்களை நினைத்துக்கொண்டேன். இத்தனை பொறுமையாகப் பச்சையைப் பார்த்தவர் ஓவியர்களுக்குள்ளும் குறைவு என்பேன்.

மேய் அம்மாவுக்கென்று சோளப்பொத்தி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி தனியே நடக்கும் இடத்தில் நான் அழுதேன். மகள் அழவில்லை, “அம்மாட்டப் போய்ச் சேருவாள்தானே?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் அவள் ஒரு படம் கீறித் தந்தாள். மழைக்கோடு ஒன்றும் இல்லை. ஒரு கறுப்புக் குடை, அதன்மேல் ஏழெட்டுப் புள்ளிகள், கீழே நிலத்தில் மூன்று வட்டங்கள்.