ஓதம் ஏறும்போது வந்து பாருங்க

கடலோரக் குப்பைக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். பழைய குழி நிரம்பும் நிலைக்கு வந்ததால் பக்கத்திலேயே புதுக் குழி வெட்ட அனுமதி கேட்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் சேற்றுவெளி. அதனால் ஒரு வருடம் பறவைகளைக் கணக்கெடுத்துக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் சில வாரங்கள் ஓதம் வற்றிய, அதாவது கடல்நீர் இறங்கிய நேரத்தில் மட்டும் எண்ணினோம். உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) எல்லாம் தூரத்தில் சேற்றைக் கிளறிப் புழு தேடிக்கொண்டிருக்கும். எங்களால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லை என்றே தோன்றியது. கூட வந்த பறவை ஆய்வாளர், "ஓதம் ஏறும்போது வந்து பாருங்க சார்" என்றார். போய்ப் பார்த்தோம். தண்ணீர் ஏற ஏறச் சேற்றுவெளி முழுக்க மூழ்கி, அத்தனை பறவைகளும் கரையேறி ஒரே மண்திட்டில் நெருக்கியடித்து நின்றன. புதுக் குழியில் வெட்டும் மண்ணைக் குவித்து வைக்க வரைபடத்தில் நாங்கள் குறித்திருந்த இடம் அது.

அடுத்தது கடற்காகங்கள். லாரிகள் அன்றாடம் குப்பை கொட்டும் இடமான கொட்டும் முகப்பில் கிடக்கும் உணவுக் கழிவுக்காகக் கூட்டமாக வரும். வந்தவை அருகிலேயே தங்கி, வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தி, ஆலாக்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். விரட்டுவதற்கு எரிவாயுவில் வெடிச்சத்தம் எழுப்பும் கருவி வைத்திருந்தோம். சில நாட்களிலேயே கடற்காகங்களுக்குச் சத்தம் பழகிவிட்டது. மிரண்டு பறந்தவை மண்திட்டில் ஓய்வெடுத்த உள்ளான்கள்தான். இது என்னை ரொம்பவே உறுத்தியது. வலசைப் பறவைக்கு உடம்பில் சேர்க்கும் கொழுப்புதான் வழிச்சாப்பாடு. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்தது. அப்படிப் போக வேண்டிய பறவைகளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீணாகப் பறக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

வெடியை நிறுத்தினோம். சரி, பதிலுக்கு என்ன? தீனியை மறைப்பதுதான். கொட்டும் முகப்பைப் பாதிக்கும் கீழே சுருக்கினோம். லாரிகள் வரிசையில் நிற்க வேண்டி வந்ததால் ஓட்டுநர்கள் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். அன்றன்று கொட்டியதை அன்றே அழுத்தி, 15 செ.மீ. மண் போட்டு மூடினோம். மழை நாட்களில் புல்டோசர் சிக்கிக்கொள்ளும், மூடும் வேலை தள்ளிப்போகும், மறுநாள் விடியும்போது கடற்காகங்கள் வந்து நிற்கும். ஒருநாள் தவறினாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. மக்கும் கழிவைப் பிரித்து, கிடங்குக்கே வராமல் செய்தால்தான் இது தீரும் என்பது என் உறுதியான எண்ணம். சிங்கப்பூரில் 1999 முதல் செமாக்காவ் தீவை ஒட்டி, 7 கி.மீ. கரை கட்டிக் கடலுக்குள்ளேயே கிடங்கு நடத்துகிறார்கள். அங்கே போவது பெரும்பாலும் எரித்த சாம்பல். பறவையை இழுக்க அதில் எதுவும் இல்லை.

குப்பையிலிருந்து வடியும் கசிவுநீருக்கு அடிவிரிப்பு, அதன் குட்டைக்கு மேலே வலை, பறக்கும் பிளாஸ்டிக்கைத் தடுக்க உயர்ந்த வலைவேலி இவையெல்லாம் முதலிலிருந்தே திட்டத்தில் இருந்தன. அதில் சிக்கல் வரவில்லை.

நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. மண் குவிக்கும் இடத்தைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினோம், லாரிகளுக்குச் சுற்றுவழிதான். வலசைக் காலத்தில் ஓதம் உச்சத்தில் இருக்கும்போதும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமும் கரையோரம் எந்த இயந்திரமும் ஓடாது. ஓத அட்டவணையை எடைமேடை அறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். முட்டையிடும் பருவம் முடிந்த பிறகே குழி வெட்டத் தொடங்கினோம்.

கணக்கெடுப்பை இன்னும் நிறுத்தவில்லை. போன மாதம் ஏற்ற ஓதத்தில் எண்ணப் போனபோது மண்திட்டில் கோட்டான்கள் தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம், புல்டோசர் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் வற்றக் காத்திருந்தார்.