சமாளிச்சுக்கிடுதேன்

டிசம்பரில் பர்மிங்ஹாமில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாலைக்கண் உள்ளவளுக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேண்டுமா? பாளையங்கோட்டையில் மார்கழியிலும் ஆறு மணி வரை வெளிச்சம் கிடைக்கும். பிந்திவிட்டால் கண்டக்டர் சமாதானபுரத்தில் கைபிடித்து இறக்கிவிடுவார், டீக்கடை அண்ணாச்சி தெருமுனை வரை வருவார். நான் யாரிடமும் வாய்திறந்து கேட்டதில்லை. 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறது. ஆனாலும் 'அவளுக்குத்தான் தெரியுதே' என்று வீட்டில் என்னை அங்கே அனுப்பவில்லை. பகலில், நேர் எதிரே இருப்பது தெரியும். அவ்வளவுதான்.

திருநெல்வேலியில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை கேட்டுப் போனபோது முதல் கேள்வியே "கண்ணு எவ்வளவு தெரியும்?" என்பதுதான். "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இங்கிலாந்தில் முதல் நேர்காணலுக்கு அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேட்கவே இல்லை. நேர்காணலுக்கு ஏதும் ஏற்பாடு வேண்டுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் உடல்நிலையைத் துருவக்கூடாது என்று அவர்களுடைய 2010 சமத்துவச் சட்டம் சொல்கிறதாம். படித்த பாடம் பரீட்சையில் வராதது போல எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சேர்ந்த முதல் வாரம் மேலாளர், "உனக்கு என்ன தேவை?" என்றார். "ஒன்றும் வேண்டாம், சமாளித்துக்கொள்வேன்." நம் ஊர் நாக்கு, வேறு என்ன சொல்லும்? அப்புறம் மூன்று வாரம் மூக்கு திரையில் உரச வேலை பார்த்தேன். தலைவலி தாங்கவில்லை. பக்கத்து மேசை யாழ்ப்பாணத்து அக்காதான் பிடித்துக்கொண்டார். "உமக்கு விசரே? ஆறு கிழமைக்குள்ள விண்ணப்பம் போடும்!" விசர் என்றால் பைத்தியம், கிழமை என்றால் வாரம் என்று விளங்கவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

அவர் சொன்னது, மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்க உதவும் 'ஆக்சஸ் டு ஒர்க்' என்ற அரசுத் திட்டம். திருப்பித் தர வேண்டாத பணம், சம்பளம் எவ்வளவு என்றும் பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த ஆறு வாரத்துக்குள் கேட்டால் கருவிச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும்; பிந்தினால் பெரிய நிறுவனங்கள் ஒரு பங்கு போட வேண்டியிருக்கும். அதற்குத்தான் அக்கா அப்படி அவசரப்பட்டார்.

மதிப்பீடு செய்பவர் தொலைபேசியில் பேசினார். படி இறங்குவீர்களா? இறங்குவேன். ரோடு தாண்டுவீர்களா? தாண்டுவேன். பக்கத்தில் இருந்த அக்கா முறைத்தார். "போன மாசம் விழுந்ததைச் சொல்லும்." சொன்னேன். மழை பெய்த ஒரு மாலையில் படி என்று தெரியாமல் கால் வைத்து உருண்டது, முட்டி கிழிந்தது, மறுநாள் கால்சட்டையில் மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தது எல்லாம். பெற்ற தாயிடம்கூட அதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லும்போது காது சுட்டது.

பெரிய திரை வந்தது, எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் வந்தது. இருட்டு மாதங்களில் வீடு திரும்ப டாக்சி. பஸ்ஸுக்கு ஆகும் காசு அளவு நான் கொடுக்க வேண்டும், மிச்சம் அவர்கள். ஜன்னல் கூசுகிறது என்றதும் அலுவலகமே மேசையை மாற்றிப் போட்டது. அந்த மாதிரி மாற்றத்துக்கு ஊழியரிடம் காசு கேட்கக்கூடாது என்பதும் சட்டம்.

இப்போது ஆடிச் சாரலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கூடப்பிறந்த அக்கா மகனுக்கும் இதே கண். பி.காம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். குறைந்தது 40 சதவீதம் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். தேர்வில் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குவோமா என்றால், "எனக்கு அதெல்லாம் வேண்டாம் சித்தி, சமாளிச்சுக்கிடுதேன்" என்கிறான்.

ஒரு தாளைக் கொடுத்து, விளக்கு வைத்த பிறகு உன்னால் முடியாததையெல்லாம் எழுது என்றேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, 'மாடிப்படியில் கடைசி ரெண்டு படி தெரியாது. எண்ணிக்கிட்டேதான் இறங்குறேன்' என்று எழுதினான்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: "எங்கிட்ட ஏம்ல சொல்லல?"