டேங்க் கால்வாசிக்கு வந்தா நின்னுடுற லாரி: மூணு மாசம் அலைஞ்சு கண்டுபிடிச்சது

எங்க வண்டி பத்து சக்கரம், 2012 மாடல், பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ளது. சங்ககிரியில சிமெண்ட் ஏத்தி பெங்களூர் பக்கம் எறக்கிட்டு, அப்படியே தாவணகெரே போய் மக்காச்சோளம் ஏத்திட்டு நாமக்கல் தீவன மில்லுக்கு வர்ற லைன். இந்த லைன்ல ஓடுறவங்களுக்குத் தெரியும், போகும்போது யாரும் ஃபுல் டேங்க் அடிக்க மாட்டோம், கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டுனா டீசல் விலை கம்மி, 300 லிட்டர் அடிச்சா சாப்பாட்டுக் காசும் கிளீனர் பேட்டாவும் அதுலயே வந்துரும். அதனால நூறு, நூத்திப்பத்து லிட்டரோட கெளம்பி அங்க போய்த்தான் ஃபுல் பண்றது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கோளாறு இத்தனை நாள் பிடிபடாம போனதுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

முதல் தடவை நின்னது தொப்பூர் ஏத்தத்துல. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மூணாவது கியர்ல ஏறிட்டு இருக்கேன், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சாலும் இழுக்கல, ரெண்டு தடவை முக்குச்சு, அப்படியே ஆஃப். இஞ்சின் நின்ன உடனே ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிருச்சு. ஹேண்ட் பிரேக் போட்டு, கிளீனர் பையன் குதிச்சு ஓடி பின் டயருக்கு கட்டை வெச்சு, ரோட்டோரத்துல கிடந்த மரக்கிளையை ஒடிச்சு பின்னாடி போட்டு, செல்போன் டார்ச்சை ஆட்டிட்டே நின்னான். பின்னாடி ஒரு டிரெய்லர் ஹாரன் அடிச்சுட்டே பக்கத்துல ஒரு கை தூரத்துல ஒதுங்கிப் போச்சு பாருங்க, அந்தச் சத்தம் இன்னமும் காதுல இருக்குங்க.

லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்த, டீசல் ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி கை பம்ப் அடிச்சேன், நுரை நுரையா வந்துச்சு, ஒரு அம்பது அறுபது தடவை அடிச்சப்புறம்தான் சுத்தமான டீசல் வந்துச்சு, ஸ்டார்ட் ஆச்சு. மேல ஏறி பங்க்ல நாப்பது லிட்டர் போட்டேன், அப்புறம் ஒண்ணுமே இல்ல. டேங்க்ல ஏதோ குப்பை மாட்டியிருக்கும்னு விட்டுட்டேன்.

பத்து நாள்ல கிருஷ்ணகிரி தாண்டி மறுபடியும் அதே கதை. அங்க பெரிய ஏத்தம்கூட இல்ல.

இதுக்கப்புறம் நடந்ததை நெனச்சாத்தான் வயிறு எரியுது. ஊருக்குப் பக்கத்துலயே ஒரு பட்டறை, வழக்கமா போறதுதான். விஷயத்தைச் சொன்னேன், முழுசா கேக்கவே இல்ல, ரெண்டு டீசல் ஃபில்டரையும் மாத்துனாங்க, 1,400 ரூபா. அடுத்த டிரிப்ல நின்னுச்சு. திரும்பப் போனேன், டேங்க்ல இருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் வீக்குன்னாங்க, அது 2,800. மறுபடியும் நின்னுச்சு. மூணாவது தடவை போய் அண்ணா, டேங்க் கால்வாசிக்கு வந்தாத்தான் நிக்குது, ஃபுல்லா இருக்கும்போது நிக்கிறதே இல்லன்னு தெளிவா சொன்னேன். அதுக்கு அந்த மெக்கானிக் என்னைப் பாக்காமயே, "டீசல் இல்லாம ஓட்டுனா வண்டி நிக்காம என்ன தம்பி பண்ணும்"னு சொல்லிட்டு வேற வண்டிக்குப் போயிட்டாரு. டேங்க்ல எண்பது லிட்டர் கெடக்குது, இன்னும் முன்னூறு கிலோமீட்டர் ஓடணும், அதைப் போய் டீசல் இல்லாத வண்டிங்கறாரு!

அப்புறம் மெயின் பம்பை எறக்கணும், இஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசிலை அடிச்சுப் பாக்கணும்னு டவுன்ல டீசல் பம்ப் வேலை பாக்குற ஒரு பம்ப் ரூமுக்கு அனுப்புனாங்க. மூணு நாள் வண்டி நின்னுச்சு, ஒரு லோடு கை விட்டுப் போச்சு, பில்லு 24,000. அவங்க ஓட்டிப் பாத்து ஓகேன்னு குடுத்தாங்க. இங்கதான் விஷயமே இருக்கு: நான் ஒவ்வொரு தடவையும் தாவணகெரே ரிட்டர்ன்லதான் பட்டறைக்குப் போவேன், அப்ப டேங்க்ல இருநூறு லிட்டராவது இருக்கும், அதுல எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாலும் வண்டி நிக்கவே நிக்காது. எனக்கும் உறைக்கல, அவங்களுக்கும் உறைக்கல.

நடுவுல டீசல்ல தண்ணி கலந்திருக்குன்னு ஒரு பங்க்ல போய் சண்டைகூட போட்டுட்டேன். வெள்ளை பாட்டில்ல டீசல் பிடிச்சு ராத்திரி முழுக்க வெச்சுப் பாத்தேன், அடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது அந்தப் பங்க்காரர்கிட்ட தப்பா பேசிட்டேங்கண்ணான்னு சொல்லிட்டு வந்தேன், அவரும் பெருசா எடுத்துக்கல.

கடைசியா பிடிபட்டது நானா தேடிப் போன எடத்துல இல்ல. காவேரிப்பட்டினம் பக்கத்துல வண்டி நின்னு, அடிச்சு அடிச்சு கை ஓய்ஞ்சு போய், சர்வீஸ் ரோட்டுல ஒரு ஓட்டுக் கொட்டாய் பட்டறை தெரிஞ்சுது. அறுபது வயசுக்கு மேல இருக்கும் அந்த மேஸ்திரிக்கு. நான் சொல்லச் சொல்ல கேட்டுட்டே இருந்தாரு, எதையும் கழட்டல, ரெண்டே கேள்விதான் கேட்டாரு. "காலையில ஸ்டார்ட் ஆக லேட் ஆவுதா தம்பி?" ஆமாங்க, ரெண்டு மூணு தடவை செல்ஃப் அடிக்கணும்னேன். "டேங்க் ஃபுல்லா இருக்கற அன்னிக்கு?" யோசிச்சுப் பாத்தா, அன்னிக்கு எல்லாம் ஒரே செல்ஃப்ல பிடிச்சிருக்கு. இதை நான் கவனிச்சதே இல்லைங்க. "அப்ப இஞ்சின்ல ஒண்ணும் இல்ல, எங்கயோ காத்து இழுக்குது, அதுவும் டேங்க்குக்குள்ளயே"ன்னாரு.

சொன்னதோட விடல, கண்ணு முன்னாடி காட்டுனாரு. ஃபீட் பம்புக்கு வர்ற ஹோஸைக் கழட்டிட்டு நடுவுல ஒரு முழம் வெள்ளை ட்யூப் போட்டாரு, உள்ள ஓடுறது தெரியுற மாதிரி, கடையில மீட்டர் கணக்குல விப்பாங்களே அது. ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுக்கச் சொன்னாரு. டீசலோட கூடவே பொடிப்பொடியா காத்து முட்டை வந்துட்டே இருந்துச்சு, சோடா பாட்டில் ஒடைச்ச மாதிரி. ரேஸ் ஏத்த ஏத்த முட்டை பெருசாச்சு, ஒரு கட்டத்துல ட்யூப்ல பாதிக்குப் பாதி காத்து, இஞ்சின் முக்குச்சு. மூணு மாசமா என்னை ரோட்டுல நிக்க வெச்சது அந்த ஒரு முழ ட்யூப்புக்குள்ள ஓடிட்டு இருக்குது, பாத்துட்டே நின்னேன், பேச்சே வரல.

அடுத்தது அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, அதுல இருந்து நேரா ஃபீட் பம்புக்கு ஹோஸ் போட்டாரு. இருபது நிமிஷம் ஓட்டுனோம், ஒரு முட்டைகூட இல்ல. அப்ப பம்புல இருந்து இஞ்சின் வரைக்கும் சுத்தம். அப்புறம் அதே ஹோஸை டேங்க் மூடி வழியா உள்ள விட்டு அடி வரைக்கும் எறக்குனாரு, அதுலயும் முட்டை இல்ல. டீசலும் நல்லது, டேங்க்கும் நல்லது. மிச்சம் இருக்கிறது டேங்க் மேல இருந்து உள்ள எறங்கி டீசலை உறிஞ்சுற சக்ஷன் பைப் மட்டும்தான்.

அஞ்சு ஸ்க்ரூ கழட்டி உருவுனோம். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல, கறுப்பா பிசுக்கு பிடிச்சு நல்லாத்தான் இருந்துச்சு. அடி ஓட்டையை கட்டை விரலால அடைச்சு, பக்கெட் டீசல்ல முக்கி, மேல ஹோஸ் மாட்டி ஊதுனாரு. அடியில இருந்து ஆறு இன்ச் மேல, டேங்க்குக்குள்ள தடுப்புத் தகடு ஒண்ணு இருக்குமே, அது ஒரசுற எடத்துல, குபுகுபுன்னு முட்டை. தொடைச்சுப் பாத்தா நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. வருஷக்கணக்கா ஆடி ஆடி தகட்டுல தேஞ்சு போயிருக்கு.

இதுதாங்க நடந்தது: டீசல் அந்தப் பிளவுக்கு மேல இருக்கிற வரைக்கும் பிளவு வழியாவும் டீசல்தான் போகும், எந்தத் தொந்தரவும் இல்ல. மட்டம் பிளவுக்குக் கீழ எறங்குன உடனே பம்ப் டீசலோட காத்தையும் சேத்து இழுக்கும். ஏத்தத்துல டேங்க்ல இருக்கிற டீசல் பின்பக்கமா சாஞ்சுடும், பிளவு சீக்கிரமே வெளிய தெரிஞ்சுடும், ரேஸும் ஜாஸ்தி குடுப்போம், அதான் தொப்பூர்லயே நின்னுச்சு. ராத்திரி நிப்பாட்டுனா அதே பிளவு வழியா காத்து போய் லைன்ல இருக்கிற டீசல் டேங்க்குக்கே எறங்கிடும், அதான் காலையில ஸ்டார்ட் ஆகல.

புது பைப்புக்கு ஷோரூம்ல கேட்டா செட்டாத்தான் வரும், ஆர்டர் போட்டா பத்து நாளுன்னாங்க. மேஸ்திரி பைப்பை நல்லா கழுவிக் காய வெச்சு, தேஞ்ச எடத்துல ஒரு துண்டு பைப்பை மேலுறையா மாட்டி கேஸ்ல பித்தளை பத்த வெச்சாரு, தகடு ஒரசாம இருக்க லேசா வளைச்சும் விட்டாரு. மறுபடியும் பக்கெட்ல முக்கி ஊதிப் பாத்துட்டுதான் மாட்டுனாரு. பேக்கிங், காப்பர் வாஷர் எல்லாம் புதுசு. மொத்தம் 650 ரூபா. 28,000 ரூபாக்கு மேல தண்டம் அழுததுக்கு அப்புறம் 650.

இதே மாதிரி யாருக்காவது நின்னா தயவுசெஞ்சு இதை மட்டும் பண்ணுங்க. பட்டறைக்குப் போகும்போது டீசல் கம்மியா வெச்சுட்டுப் போங்க, எந்த அளவுல நிக்குதோ அந்த அளவுல. கேஜை நம்பாதீங்க, குச்சி விட்டு அளந்து எத்தனை இன்ச்ல நிக்குதுன்னு எழுதி வைங்க, ரெண்டு தடவை ஒரே இன்ச் வந்தா பாதி வேலை முடிஞ்சுது. வெள்ளை ட்யூப் போட்டுப் பாக்காம பம்புல யாரையும் கை வைக்க விடாதீங்க. ட்யூப்ல முட்டை இல்லாம டீசலே கம்மியா வருதுன்னா அது வேற கதை, அடியில சகதி சேந்து சக்ஷன் வாயை அடைச்சிருக்கும், காம்ப்ரஸர் காத்தைத் திருப்பி ஊதுனா கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் நிக்கும், அதுக்கு டேங்க்கை எறக்கிக் கழுவணும். டேங்க் மூடியைத் தொறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா மூடியில காத்தோட்டம் அடைச்சிருக்கு, ஆனா அது டீசல் கம்மியானாத்தான் வரணும்னு இல்ல.

ரெண்டு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. டேங்க்ல ஓட்டை இருந்தா வண்டியில வெச்சே வெல்டிங் அடிக்க யாரையும் விடாதீங்க, காலி டேங்க்னு நெனச்சாலும் உள்ள ஆவி இருக்கும், வெடிச்சா ஆளு மிஞ்ச மாட்டான். 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டியா இருந்தா என்னை மாதிரி ரோட்டுல கழட்டிட்டு இருக்காதீங்க, அதுல நாசிலுக்கு டீசல் அனுப்புற காமன் ரெயில்ங்கற குழாய்ல 1,000 பாருக்கு மேல பிரஷர் இருக்கும், நாசில் பைப்பை லூஸ் பண்ணுனா டீசல் தோலைக் கிழிச்சு உள்ள எறங்கிடும். அந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெயும், காத்து இழுத்துட்டே ஓடுனா பம்பே போயிடும், அந்தச் செலவுக்கு முன்னாடி நான் அழுத 24,000 ஒண்ணுமே இல்ல.

போன வாரம் வேணும்னே அறுபத்தஞ்சு லிட்டரோட கெளம்புனேன். ரெண்டு கேன்ல முப்பது லிட்டர் டீசல் கூட வெச்சிருந்தேன், கிளீனர் பையன் கட்டையை மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தான். தொப்பூர் ஏத்தம் முழுக்க அவனும் பேசல, நானும் பேசல. வண்டி ஒரு தடவைகூட முக்கல. அத்திப்பள்ளி தாண்டி பங்க்ல குச்சி விட்டுப் பாத்தப்ப ரெண்டு இன்ச்தான் நனைஞ்சிருந்துச்சு, கேன் ரெண்டும் மூடி தொறக்காமயே இருந்துச்சு. ரிட்டர்ன்ல காவேரிப்பட்டினத்துல நிப்பாட்டி மேஸ்திரிக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம் எறக்கிக் குடுத்துட்டு வந்தேன், அவர் வீட்டுல கோழி வளக்குறாங்க.